ஊர் மண்டபத்துக்க கதவு: களவு பயம், சக்கர நாற்காலி, தீ எல்லாத்துக்கும் சேத்து ஒரு பதில்

தம்பி, நீங்க கேட்டத ரெண்டு தடவ வாசிச்சேன். உங்க ஊர் சமுதாய நலக்கூடம் முப்பது வருஷப் பழசு, முன்வாசல்ல மூணு படியும் ரெட்டைக் கதவும், பின்னால அடுக்களைப் பக்கம் ஒரு ஒத்தக் கதவு, சைடுல மடக்கு கேட்டு. போன கல்யாணத்துல சக்கர நாற்காலியில வந்த ஒரு அக்காவ நாலு பேரு தூக்கித்தான் உள்ள வச்சாங்க, அவங்க வெக்கப்பட்டு சாப்பிடாமலே திரும்பிப் போயிட்டாங்க. அதே மாசம் ராத்திரியில சமையலுக்கு உள்ள வார்ப்பும் ரெண்டு உருளியும் களவு போச்சு. இப்ப கமிட்டியில பாதிப் பேரு எல்லாக் கதவுக்கும் இரும்புக் கிரில் அடிச்சுப் பூட்டணும்னு சொல்லுதாங்க, மீதிப் பேரு அந்த அக்காவுக்கு வழி பண்ணணும்னு சொல்லுதாங்க, ரெண்டுக்கும் பணம் இல்ல, எத மொதல்ல செய்யன்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டையும் ஒரே வேலையா செய்யலாம். கிரில் மட்டும் அடிக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. வெளியிலருந்து உள்ள வர சாவி வேணும், உள்ளருந்து வெளிய போக சாவியே வேண்டாம், எட்டு வயசுப் பிள்ளையும் ஒத்தக் கையால திறக்கணும். இந்த ஒரு விஷயத்த கமிட்டியில எல்லாரும் ஒத்துக்கிட்டா, மத்த எல்லாம் அளவும் சாமானும் பத்தின பேச்சுதான்.

நான் மஸ்கட்டுல 14 வருஷம் கதவு பிட்டிங் வேலை பாத்தவன். ஆஸ்பத்திரி, ஸ்கூல், பெரிய பெரிய ஹால் எல்லாத்துலயும் பூட்டு, கீல், கதவ தானா சாத்தற குளோசர், தள்ளினா திறக்கற பேனிக் பார் மாட்டுறதாக்கும் எனக்க வேலை. ஊருக்கு வந்த பொறவு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல திங்கள்சந்தை, கருங்கல், குளச்சல் சுத்துவட்டாரத்துல இதே வேலைதான் செய்யுதேன். அங்க ஒரு கதவ மாட்டி முடிச்சா இன்ஸ்பெக்டர் வந்து மொதல்ல செய்யற காரியம், உள்ள நின்னு கதவச் சாத்திட்டு, கண்ண மூடிக்கிட்டு, ஒரு கையால தள்ளிப் பாக்கறது. திறக்கல்லன்னா கழத்தி மாட்டச் சொல்லுவாரு. நம்ம ஊர்ல நான் பாத்த மண்டபத்துல பாதிக்கு மேல அந்தச் சோதனையில தோத்துப் போகும், இத வருத்தத்தோட சொல்லுதேன்.

எனக்க அக்கா மக கல்யாணத்துல நடந்தத சொல்லுதேன். மண்டபத்துக்க பேரு வேண்டாம். சாப்பாட்டுப் பந்தி நடந்துகிட்டு இருக்கு, அடுக்களையில கேஸ் டியூப் கழண்டு அடுப்புப் பக்கம் குப்புன்னு தீ பிடிச்சுது. சமையக்காரங்க சாக்க நனைச்சுப் போட்டு ரெண்டு நிமிஷத்துல அணைச்சாச்சு, ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துல பந்தியில இருந்த இருநூறு பேரும் எந்திரிச்சு பின்கதவுக்கு ஓடினாங்க. அங்க புதுசா கிரில் அடிச்சுப் பூட்டுப் போட்டிருந்தாங்க, தாக்கோல் வாட்ச்மேன் கையில, வாட்ச்மேன் சாயா குடிக்க ரோட்டுக்குப் போயிட்டாரு. முன்னால போனவங்க கிரில்ல நெரிஞ்சு நிக்காங்க, பின்னால வாறவங்களுக்கு அது தெரியாது, தள்ளுறாங்க. எனக்க அம்மா வாக்கர் பிடிச்சு நடக்கறவங்க, கூட்டத்துக்கு வழிவிட்டு சைடு கேட்டுப் பக்கம் திரும்பினாங்க, மடக்கு கேட்டுக்கு கீழ இருக்கிற இரும்புத் தண்டவாளத்துல வாக்கர் காலு மாட்டி விழுந்தாங்க. இடுப்பு எலும்பு. அதுக்குப் பொறவு அம்மா முழுசா நடக்கல்ல. அன்னைக்கு தீயினால ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல்ல கேட்டியளா, அம்மாவ விழவச்சது கதவுதான்.

இது பெரிய அளவுல நடந்தா என்ன ஆகும்னு தமிழ்நாடு பாத்தாச்சு. 2004 ஜனவரி 23ல ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துல மாடியில ஓலைப் பந்தல்ல தீ பிடிச்சு, இறங்க ஒடுங்கின படிக்கட்டுல நெருக்கி, மாப்பிள்ளையும் சேந்து ஐம்பது பேருக்கு மேல செத்துப் போனாங்க. 1997 ஜூன் 13ல டெல்லி உபஹார் தியேட்டர்ல 59 பேரு, அங்க பால்கனிக் கதவு பூட்டிக் கிடந்தது, பெரும்பாலானவங்க புகையில மூச்சு முட்டித்தான் செத்தாங்க. புகைக்குள்ள நிக்கற மனுஷனுக்கு சாவி தேட நேரம் கிடையாது.

அதனாலதான் தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016ல இத எழுதியே வச்சிருக்காங்க. கூட்டம் கூடுற கட்டடத்துல வெளியேறுற வாசல் 2 மீட்டர் அகலத்துக்குக் குறையக் கூடாது, உயரமும் 2 மீட்டர், கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும், உள்ள இருக்கறவங்க சாவி இல்லாமத் திறக்க முடியணும். உங்க ஹால் 40க்கு 60 அடின்னு சொன்னீங்க, 2400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். பந்திக்கு ஆளுக்கு 1.5 சதுர மீட்டர்னு அந்த விதிக் கணக்குல போட்டா 148 பேரு, சேர் போட்டு உக்காந்தா ஆளுக்கு 0.6, அப்ப 370 பேரு. தாலி கட்டுற நேரம் நம்ம ஊர்ல எப்படி நெரியும்னு உங்களுக்கே தெரியும். இத்தன பேருக்கு ஒரே வாசல் போதாது, ஒண்ணுக்கொண்ணு நல்லா தள்ளி ரெண்டு வாசலாவது வேணும், ரெண்டும் நிகழ்ச்சி நடக்கற முழு நேரமும் பூட்டில்லாம இருக்கணும். உங்களுக்கு மூணு இருக்கு, அது பாக்கியம், அதுல ரெண்ட பூட்டிப் போட்டிராதீங்க.

இப்ப செலவே இல்லாத வேலையில தொடங்குங்க. முன்கதவுல வெளிப்பக்கம் ஆல்ட்ராப், அதாவது பூட்டு மாட்டற நீளத் தாழ்ப்பாள் இருக்கும், நம்ம பக்கத்துல எல்லா மண்டபத்துலயும் அதுதான். அந்த ஆல்ட்ராப் ஒரு ஆபத்து, ஏன்னா உள்ள முந்நூறு பேரு இருக்கும்போது வெளிய நின்னு ஒரு சின்னப் பய விளையாட்டுக்கு இழுத்து விட்டாப் போதும், உள்ளருந்து யாராலயும் திறக்க முடியாது. அதக் கழத்துங்க. அது கழத்தற வரைக்கும், நிகழ்ச்சி அன்னைக்கு கதவத் திறந்து வச்சு ஆல்ட்ராப்ப இழுக்க முடியாதபடி அதே பூட்ட அதுலயே மாட்டிப் பூட்டி வையுங்க, இன்னைக்கே செய்யலாம். கதவுக்க மேலயும் கீழயும் இருக்கிற டவர் போல்ட்டும் இப்படித்தான், ஆறடிக்கு மேல இருக்கிற மேல் போல்ட்ட குள்ளமானவங்களோ நாற்காலியில இருக்கறவங்களோ எப்படி எட்டுவாங்க?

அதுக்குப் பதிலா என்ன போடன்னு கேப்பீங்க. பின்கதவுக்கு பேனிக் பார் போடுங்க. கதவுக்கு குறுக்க இடுப்பு உயரத்துல, தரையிலருந்து 900க்கும் 1100 எம்எம்முக்கும் நடுவுல ஒரு கம்பி, உள்ளருந்து ஒடம்பு சாஞ்சாலே திறந்துக்கும், வெளிய பாத்தா பிடி கூட இருக்காது, வெறும் தகடு. களவாணிக்கு அதுல பிடிச்சு இழுக்க ஒண்ணுமே இல்ல, ஒரு பூட்டத் தொங்க விட்ட கிரில்ல விட இது அவனுக்குக் கஷ்டம், ஏன்னா தொங்கற பூட்ட கட்டர் வச்சு ஒரு நிமிஷத்துல வெட்டிருவான். வாங்கும்போது ஐரோப்பிய தரம் இஎன் 1125 போட்டிருக்கான்னு பாருங்க, அதாக்கும் பழக்கமில்லாத கூட்டம் பயந்து ஓடுற இடத்துக்கு உள்ளது. இஎன் 179னு ஒண்ணு உண்டு, அது ஆபீஸ் மாதிரி கதவ தினமும் பழகினவங்களுக்கு, மண்டபத்துக்கு ஆகாது. முன்கதவுக்கு பேனிக் பார் போட பணம் இல்லன்னா, வெளிய சாவி, உள்பக்கம் அமுக்கித் திறக்கற லிவர் பிடியோட, கதவுக்குள்ளயே பதிக்கற மார்ட்டைஸ் பூட்டு போடலாம், ஆனா கடையில நின்னு ஒண்ணு கேட்டு உறுதி பண்ணிக்கணும்: வெளியிலருந்து சாவி போட்டுப் பூட்டினாலும் உள்பக்கம் பிடிய அமுக்கினா திறக்குமான்னு. நம்ம கடைகள்ல சாதாரணமா கிடைக்கற மார்ட்டைஸ்ல முக்காவாசி அப்படித் திறக்காது.

வெளிப்பக்கம் திறக்கற கதவுல ஒரு விஷயத்த ஆசாரிமாரு அடிக்கடி மறந்துபோறாங்க, கீலு வெளிய வந்திரும். சாதா கீலா இருந்தா களவாணி பூட்டத் தொடவே வேண்டாம், கீலுக்க ஆணிய தட்டி எடுத்துட்டு கதவையே தூக்கி வச்சிருவான். அதுக்கு ஆணி கழத்த முடியாத கீலு கிடைக்கும், அது கிடைக்கல்லன்னா கீல் பக்கம் கதவு ஓரத்துல ரெண்டு இரும்புக் குச்சிய பதிச்சு, நிலையில அதுக்கு ஓட்டை போட்டிருங்க, கதவு சாத்தினா குச்சி ஓட்டைக்குள்ள போயிரும், ஆணிய எடுத்தாலும் கதவு அசையாது. இதுக்கு ஆகற செலவு ரொம்பக் கொறவு. சாவி போடற உருளை தனியா உள்ள சிலிண்டர் பூட்டா இருந்தா வெளிப்பக்கம் சிலிண்டர் 3 எம்எம்முக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது, நீட்டினா பிளையர் வச்சு ஒடிச்சிருவாங்க.

உங்க மண்டபத்துல களவு போனது வார்ப்பும் உருளியும். அப்ப பூட்ட வேண்டியது ஸ்டோர் ரூம். அதுக்கு நல்ல கனத்த கதவு, ரெண்டு பூட்டு, ஜன்னலுக்கு கிரில், என்ன வேணும்னாலும் போடுங்க, அதுக்குள்ள யாரும் பந்தி சாப்பிடப் போறதில்ல. கிரிலுக்கு ஒதுக்கின பணத்துல பாதி அதுக்குப் போதும். பின்ன, பின்பக்கம் இருட்டா கிடக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அங்க ஆளு நடமாட்டம் கண்டா எரியற ஒரு சென்சார் லைட்டும், ரோட்டுலருந்து கதவு தெரியறாப்ல அந்த முருங்கைக் கொப்ப வெட்டி விடறதும் செய்யுங்க.

சாவி விஷயம் எல்லா ஊர்லயும் ஒரே கதைதான். தலைவர்கிட்ட ஒண்ணு, செயலாளர்கிட்ட ஒண்ணு, பந்தல்காரர்கிட்ட ஒண்ணு, பழைய செயலாளர் திருப்பித் தராதது ஒண்ணு. எத்தன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. புது சிலிண்டர் போட்ட அன்னைக்கு சாவிய எண்ணி ஒரு நோட்டுல கையெழுத்து வாங்கிக் கொடுங்க, ஒண்ணு தொலைஞ்சா பூட்டு முழுசும் மாத்த வேண்டாம், சிலிண்டர மட்டும் மாத்தினாப் போதும். கார்டு பூட்டு, மொபைல் பூட்டுன்னு யாராவது கொண்டுவந்தா இப்பதைக்கு வேண்டாம்னு சொல்லிருங்க, நம்ம மழைக்காலக் கரண்டுக்கு அது சரிவராது. கரண்டுப் பூட்டு போட்டே ஆகணும்னா, கரண்டு போனா தானா திறக்கற வகையாத்தான் இருக்கணும்.

இனி அந்த அக்கா விஷயம். இது கருணைன்னு நினைச்சு செய்யாதீங்க, அது அவங்களுக்க உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல 45ஆம் பிரிவு, ஏற்கெனவே கட்டின பொதுக் கட்டடங்களையும் விதி வந்த 5 வருஷத்துக்குள்ள எல்லாரும் புழங்கறாப்ல மாத்தணும்னு சொல்லுது. விதி வந்தது 2017ல, கெடு 2022லயே முடிஞ்சாச்சு. பொதுக் கட்டடம்னா அரசாங்கத்துக்கது மட்டும்னு நினைக்காதீங்க, ஜனங்க வந்துபோற தனியார் கட்டடமும், சமயக் காரியத்துக்கு உள்ளதும் அதுல அடங்கும், அதனால கோயில் மண்டபம், சர்ச் ஹால், சமுதாய மண்டபம் எல்லாம் இதுக்குள்ளதான். 2024 நவம்பர் 8ல உச்ச நீதிமன்றமும் இதுக்கான அளவுகள வெறும் ஆலோசனையா விட்டிரக் கூடாது, கட்டாயமாக்கணும்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. கமிட்டியில யாராவது இதெல்லாம் தேவையான்னு கேட்டா இதச் சொல்லுங்க.

மத்திய அரசு 2021ல போட்ட ஒருங்கிணைந்த வழிகாட்டுதல்ல கதவுக்கு 900 எம்எம் தெளிஞ்ச அகலம் வேணும்னு இருக்கு. இங்கதான் நம்ம ஆளுங்க ஏமாறுறாங்க. ஆசாரிகிட்ட மூணடிக் கதவுன்னு சொல்லுவோம், அவரு நிலையோட சேத்து மூணடி போடுவாரு. 914 எம்எம்ல ரெண்டு பக்கமும் நிலைச் சட்டம் 65 வீதம் போச்சு, திறந்து நிக்கற கதவுக்க கனம் 35 போச்சு, கடைசியில நாற்காலி போக மிச்சம் 750. நாற்காலி 650 இருந்தா ரெண்டு பக்கமும் கை போக இடமே இல்ல, விரலு ஒரசித் தோலு போயிரும். அதனால டேப் எடுத்து, கதவ நேரா 90 டிகிரி திறந்து வச்சு, கதவு முகத்துலருந்து எதிர்ப்பக்க நிலை வரைக்கும் அளங்க, அதாக்கும் உண்மையான அளவு. ஒரு மூணு மூன்றரை சென்டிமீட்டர்தான் குறையுதுன்னா நிலைய ஒடைக்க வேண்டாம், கதவ வாசலுக்கு வெளிய தள்ளி நிறுத்தற வளைஞ்ச கீலு இருக்கு, அது கதவுக்க கனத்த திருப்பித் தந்திரும்.

ரெட்டைக் கதவுல இன்னொரு பிரச்சன. மொத்தம் நாலரை அடி இருக்கும், ஆனா ஒரு பக்கம் எப்பவும் தாழ் போட்டுக் கிடக்கும், திறக்கற பக்கம் ரெண்டே கால் அடி. புதுசா செய்யறதா இருந்தா ஒரு பக்கம் பெரிசு ஒரு பக்கம் சின்னதா செய்யச் சொல்லுங்க, பெரிய பலகை மட்டும் திறந்தாலே 900 கிடைக்கணும். முன்வாசலுக்கு ரெண்டும் சேந்து திறக்கும்போது 2 மீட்டர் வருதான்னும் பாத்துக்கிடுங்க.

மூணு படி, படிக்கு ஆறு இஞ்சுன்னா மொத்தம் 18 இஞ்சு ஏத்தம். சரிவு 1க்கு 12னா 18 அடி நீளம் வேணும். நிறைய இடத்துல ஆறடியில ஒரு சிமெண்டுச் சரிவு போட்டு சாய்வுதளம்னு சொல்லுதாங்க, அதுல ஒரு பைக்க ஏத்தலாம், மனுஷன ஏத்த முடியாது, இறங்கும்போது நாற்காலி குப்புற விழுந்திரும். மேல கதவுக்கு முன்னால ஒன்றரை மீட்டர் சதுரத்துல சமதளம் கண்டிப்பா வேணும், நாற்காலி அங்க நின்னுதான் கதவத் திறக்கும், அதுவும் உங்களுக்கு கதவு வெளிய திறக்கறதுனால கதவு வீச்சுக்கும் சேத்து இடம் விடணும், இல்லன்னா கதவு திறந்த வேகத்துல நாற்காலிய சரிவுல தள்ளி விட்டிரும். கதவுப் பிடி இருக்கிற பக்கம் சுவரோட 450லருந்து 600 எம்எம் வெறும் இடம் வேணும், அங்க செருப்பு ஸ்டாண்டோ வாழைத்தாரோ கொண்டு வைக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் கைப்பிடி, 760லயும் 900லயும் ரெண்டு உயரத்துல. சரிவுக்கு மினுமினுப்பு டைல்ஸ் வேண்டவே வேண்டாம், ஈர்க்கு வாரியலால இழுத்து கோடு போட்ட சிமெண்டு தரை போதும், நமக்கு இடவப்பாதின்னு சொல்லுற தென்மேற்குப் பருவ மழையும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, வருஷத்துல ஆறு மாசம் பாசி பிடிக்கும், அதத் தேய்க்க ஒரு ஆள ஏற்பாடு பண்ணணும்.

வாசப்படிக்க உயரம் 12 எம்எம்முக்கு மேல இருக்கக் கூடாது, ஓரம் சரிவா செத்தியிருக்கணும். இதச் சொன்னா உடனே மழத்தண்ணி உள்ள வருமே, பாம்பு வருமேன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான், நம்ம பெரியவங்க வாசப்படிய உசத்தி வச்சது அதுக்குத்தான். இப்ப அதுக்கு வேற வழி இருக்கு. கதவுக்கு வெளிய குறுக்க ஒரு சின்ன ஓடை வெட்டி மேல கம்பி மூடி போடுங்க, கம்பி இடைவெளி 12 எம்எம்முக்குள்ள, நடக்கற திசைக்கு குறுக்காலத்தான் கம்பி ஓடணும், இல்லன்னா நாற்காலிக்க முன்சக்கரம் சிக்கிக்கும். மேல நாலடி ஷேடு, கதவுக்கு அடியில ரப்பர் பட்டை. இந்த மூணும் இருந்தா தண்ணியும் வராது, ஜந்தும் வராது. சைடுல இருக்கிற மடக்கு கேட்டுக்கு கீழ்த் தண்டவாளத்த எடுத்துட்டு மேல தொங்கற மாதிரி மாத்திரலாம், வெல்டிங் பட்டறையில செய்வாங்க. மடக்கு கேட்டு ராத்திரிக் காவலுக்கு மட்டும், விசேஷ நேரத்துல முழுசா திறந்து, திறந்த நிலையில பூட்டி வைக்கணும். எனக்க அம்மா விழுந்தது இதுலதான்னு முன்னால சொன்னேன், அதனால இத ரெண்டாவது தடவையும் சொல்லுதேன்.

பிடி பத்தி ஒரு எளிய சோதனை. கைய இறுக்கி மூடிக்கிட்டு, முஷ்டியாலயே கதவத் திறந்து பாருங்க. உருண்டைக் குமிழா இருந்தா முடியாது. வாதம் வந்தவங்க, கை நடுங்கறவங்க, ஒரு இடுப்புல பிள்ளையும் ஒரு கையில பையும் வச்சிருக்கிற தாய்மாரு, எல்லாரும் அந்த முஷ்டி நிலையிலதான் வாறாங்க. இழுக்கற பக்கம் பெரிய வளையப் பிடி, தள்ளற பக்கம் தகடு, தரையிலருந்து ஒரு மீட்டர் உயரத்துல. கதவுக்கு அடியில 300 எம்எம் உயரத்துக்கு ஒரு தகடு அடிச்சா நாற்காலிக்க காலடிப் பலகை இடிச்சு மரம் கெடாது.

கதவு எவ்வளவு கனமா இழுக்குதுன்னு அளக்க வீட்டுல மீன் தூக்கற கொக்கித் தராசு போதும். பிடியில மாட்டி இழுத்துப் பாருங்க. அமெரிக்காவுல உள் கதவுக்கு 5 பவுண்டுக்கு மேல கூடாதுன்னு விதி, நம்ம கணக்குல ரெண்டே கால் கிலோ. உங்க தராசுல ஆறு கிலோ காட்டினா ஒரு வயசான அம்மாவால அந்தக் கதவ திறக்க முடியாது. குளோசர் இருந்தா அதுல இருக்கிற திருகாணிய திருப்பி வேகத்தக் கொறைக்கலாம், 90 டிகிரியிலருந்து கிட்டத்தட்ட சாத்தற வரைக்கும் அஞ்சு செகண்டாவது எடுக்கணும், அப்பதான் கம்பு ஊன்றி நடக்கறவங்க கடந்து போக முடியும். நம்ம மாவட்டத்துல காத்தும் ஒரு காரணம். ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம், முப்பந்தல் பக்கம் ஆடிக் காத்துல கதவு அடிச்ச அடியில நிலையே கழண்டு நின்னத நான் பாத்திருக்கேன், கடற்கரை ஊர்லயும் அப்படித்தான். திறக்கும்போதும் தடுக்கற வகை குளோசர் வாங்குங்க, கீல் பக்கம் பிள்ளைகளுக்க விரலு நசுங்காம ரப்பர் மறைப்பும் போடுங்க. குளோசர் இல்லாத இடத்துல ஆட்டுக்கல்ல கொண்டுவந்து கதவுக்கு அண்டை கொடுக்கற பழக்கத்த நிறுத்துங்க, அதுல தட்டி விழறவங்க ஏராளம்.

உப்புக் காத்து விஷயத்த கொஞ்சம் கூடவே சொல்லணும், ஏன்னா இதுல போற பணம் அதிகம். உங்க ஊரு கடலுக்குப் பக்கம். சாதா இரும்பு ஆல்ட்ராப் ரெண்டு மழையில துரு பிடிச்சு இறுகிப் போகும், அவசரத்துல அது அசையாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு சொல்லி 304 கொடுப்பாங்க, கடற்கரைக்கு 316 கேளுங்க, அதுல மாலிப்டினம் 2லருந்து 3 சதவீதம் கலந்திருக்கு, அதாக்கும் உப்பத் தாங்கறது. மஸ்கட்டுல கடலோரக் கட்டடத்துல 304 போட்ட கீலு ஒரு வருஷத்துல தவிட்டு நிறத்துல புள்ளி புள்ளியா வந்தத கழத்தி 316 மாட்டின வேலைய நானே செஞ்சிருக்கேன். ஸ்குரூவும் அதே வகையா இருக்கணும், அலுமினியத்துல பித்தளை ஸ்குரூ போட்டா உப்பு ஈரம் பட்டு அலுமினியம் அரிச்சுப் போகும்.

மரம்னா தேக்கு, இல்லன்னா நம்ம அயினி நல்லது. பிலாவும் நல்லதுதான். ரப்பர் தடி மலிவா கிடைக்குதேன்னு வெளிக்கதவுக்குப் போட்டா கரையானும் பூச்சியும் தின்னுரும். மழைக்காலத்துல கதவு ஊதி நிலையில பிடிச்சுக்கும், தோளால இடிச்சுத் திறப்போம், நமக்கு அது பழகிப் போச்சு, ஆனா நாற்காலியில இருக்கறவங்க எப்படி இடிப்பாங்க? காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான், கதவுக்க முன்னும் பின்னும் வார்னிஷ் அடிப்பாங்க, மேல் ஓரத்தயும் கீழ் ஓரத்தயும் விட்டிருவாங்க, மரம் தண்ணி குடிக்கறது அந்த ரெண்டு ஓரம் வழியாத்தான். கதவக் கழத்தி கீழ் ஓரத்துல மூணு கோட்டு அடிக்கச் சொல்லுங்க, சுத்தி 3 எம்எம் இடைவெளி விடச் சொல்லுங்க. மழை முடிஞ்ச பொறவு செதுக்குங்க, மழையில செதுக்கினா கோடையில இடைவெளி விழுந்திரும்.

கக்கூஸ் கதவு எல்லாரும் மறக்கற இடம். அது வெளிய திறக்கணும். உள்ள ஒருத்தர் மயங்கி விழுந்தா அவரு ஒடம்பே உள்பக்கம் திறக்கற கதவ அடைச்சுக்கும், நம்மளால தள்ள முடியாது. தாழ்ப்பாள் வெளியிலருந்து ஒரு காசு வச்சுத் திருப்பினா திறக்கற வகை கிடைக்கும். அதே மாதிரி அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவுல உள்ள கதவு, அது ஒண்ணு மட்டும் எப்பவும் தானா சாத்திக்கணும், தீயும் புகையும் பந்திக்கு வராம தடுக்கறது அதுதான், அதுக்கு இரும்புக் கதவும் குளோசரும் போடுங்க, கேஸ் சிலிண்டர வெளிய வச்சு குழாய் கொண்டுவாங்க.

கண்ணு மங்கினவங்களுக்காக நிலைக்கும் சுவருக்கும் வேற வேற நிறம் அடிங்க. தவிட்டுச் சுவருல தவிட்டுக் கதவு அவங்களுக்குத் தெரியாது, வெள்ளச் சுவருல கரும்பச்ச நிலை போதும். வாசலுக்கு மேல பேட்டரியில எரியற வெளியேறும் வழி போர்டு.

இன்னொரு காரணம் நம்ம மாவட்டத்துக்கே உள்ளது. 2004 சுனாமி அன்னைக்கும், 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அன்னைக்கும், 2021 நவம்பர் வெள்ளத்துலயும் ஜனங்க பள்ளிக்கூடத்துலயும் சர்ச்சுலயும் மண்டபத்துலயும்தான் போய்க் கிடந்தாங்க. ஒக்கியில எங்க பக்கம் கரண்டு வர நாள்கணக்காச்சு. இருட்டுல, தெரியாத கட்டடத்துல, பாயில படுத்துக் கிடக்கற கிழவி ராத்திரி ரெண்டு மணிக்கு வெளிய போகணும்னா என்ன செய்வா? கதவு எந்தப் பக்கம் திறக்கும், பிடி எங்க இருக்குன்னு கை தடவியே கண்டுபிடிக்கணும். அதனால எல்லாக் கதவுலயும் பிடி ஒரே உயரத்துல, ஒரே மாதிரி இருக்கட்டும்.

பணம் இல்லன்னு சொன்னீங்க. இந்த வாரம் ஆல்ட்ராப்ப திறந்த நிலையில பூட்டறதும் விசேஷ நேரத்துல பின்கதவுப் பூட்ட எடுக்கறதும், அதுக்கு செலவில்ல. அடுத்து ஸ்டோர் ரூமும் பின்கதவு பேனிக் பாரும், களவு பயம் உள்ளவங்களும் இதுக்கு சம்மதிப்பாங்க. அதுக்கடுத்து சரிவும் முன்கதவும். அதுக்கு பேரூராட்சியில நமக்கு நாமே திட்டத்துல ஊர்ப் பங்கு போட்டுக் கேக்கலாம், நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துலயும் ஒரு மனு கொடுங்க. மாசத்துக்கு ஒரு நாள், ஒண்ணாம் தேதின்னு வச்சுக்கிடுங்க, ஒருத்தர் பேருல பொறுப்பு குடுத்து எல்லாக் கதவையும் உள்ள நின்னு ஒரு கையால திறந்து பாக்கச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை.

ஆசாரியக் கூப்பிடறதுக்கு முந்தி அந்த அக்கா வீட்டுக்கு ஒருக்க போயிட்டு வாங்க தம்பி. அன்னைக்கு தூக்கி வச்சதுக்கு வருத்தம் சொல்லுங்க, அப்படியே அவங்க நாற்காலிக்க அகலத்த கேட்டு அளந்துகிடுங்க, எந்தப் பக்கமா ஆட்டோவுல வந்து இறங்குவாங்கன்னும் கேளுங்க, சரிவு அந்தப் பக்கம்தான் போடணும். சரிவுக்கு சிமெண்டு போடும் முன்ன பலகையும் செங்கல்லும் வச்சு அதே சரிவுல ஒண்ணு தற்காலிகமா கட்டி, அவங்க சம்மதிச்சா அவங்களையே ஏறி இறங்கிப் பாக்கச் சொல்லுங்க. கதவ அளந்த அளவும், கீல் எந்தப் பக்கம் இருக்குன்னும், வாசலுக்க ஒரு போட்டோவும் எனக்கு அனுப்புங்க, எந்தக் கீலு, எந்த நீளத்துல பேனிக் பார்னு நான் பாத்துச் சொல்லுதேன்.